யுரேனஸின் வளையம் பிறந்த கதை

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பேருந்து நிலையக் கூட்டத்தைத் தீர்மானிப்பது நிலவு. அமாவாசை என்றால் மேல்மலையனூர் அங்காளம்மனுக்குச் சிறப்புப் பேருந்துகள் வரிசையாக நிற்கும். பௌர்ணமி என்றால் திருவண்ணாமலைக் கிரிவலத்துக்கு ஜனம் முண்டியடிக்கும். திருவக்கரை வக்கிரகாளியைப் பார்க்கவும் ஒரு கூட்டம் மயிலம் பக்கம் கிளம்பும். 2023 ஆகஸ்ட் 23-ல் சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியபோது அத்திட்டத்தின் இயக்குநராக இருந்த வீரமுத்துவேல், விழுப்புரம் ரயில்வே பள்ளியில் படித்தவர். நிலவுக்கும் இந்த மாவட்டத்துக்கும் உறவு பழையது. இப்போது இன்னும் நெருங்கியிருக்கிறது.

நமக்கு இருப்பது ஒரே நிலவு. பெருங்கோள்களின் கணக்கு வேறு. 2025 மார்ச்சில் சனிக்கு மட்டும் ஒரே அறிவிப்பில் 128 புதிய நிலவுகள் சேர்ந்தன. மொத்தம் 274 ஆனது. அதே ஆண்டு பிப்ரவரியில் ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கி எடுத்த படங்களில் யுரேனஸின் 29-வது நிலவு அகப்பட்டது. சுமார் 10 கிலோமீட்டர் குறுக்களவுள்ள சின்னஞ்சிறு உருண்டை அது. இப்படிப்பட்ட செய்திகளை நாம் எங்கோ தூரதேசத்துச் சங்கதியாகப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோம். ஆனால் 1977-ல், யுரேனஸுக்குப் புதிதாக ஒரு நிலவைக் கண்டோம் என்ற செய்தி திருவண்ணாமலைக்கு அந்தப் பக்கம், ஜவ்வாது மலையிலிருந்து உலகுக்குப் போயிருக்கிறது. செய்தி அனுப்பிய இடம் காவலூர்.

அந்த நிலவு பிறகு யாருக்கும் அகப்படவில்லை. ஏனென்றால் காவலூர்க் கருவியில் பதிவானது யுரேனஸைச் சுற்றி ஓடும் வளையம். சூரியக் குடும்பத்தில் சனிக்கு மட்டுமே வளையம் உண்டு என்று மூன்று நூற்றாண்டுகளாக இருந்த எண்ணம் உடைந்த இரவு அது. அந்த இரவில் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில தொலைநோக்கிகள்தான் அதைப் பிடித்தன. அவற்றில் ஒன்று நம் பக்கத்து மலையில் இருந்தது.

காவலூர் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். வைணு பாப்பு 1927-ல் சென்னையில் பிறந்தார். ஹைதராபாத்தில் வளர்ந்தார், ஹார்வர்டில் படித்தார். அங்கே மாணவராக இருந்தபோதே, 1949-ல், ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்து அதற்குத் தன் பெயரும் சேரும் பேறு பெற்றார். ஊர் திரும்பி 1960-ல் கொடைக்கானல் வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். கொடைக்கானல் சூரியனை ஆராயும் இடம். இரவு வானத்துக்கு வேறு இடம் தேவை என்பது அவர் மனதில் இருந்தது. விளக்கொளி எட்டாத காடாக இருக்க வேண்டும். தெற்கு வானமும் நன்றாகத் தெரியும்படி நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்க வேண்டும். ஆண்டில் கணிசமான இரவுகள் மேகமில்லாமல் கிடைக்க வேண்டும். தேடிக் கண்டடைந்த இடம் ஆலங்காயத்துக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் உள்ள காவலூர். அப்போது அது வட ஆற்காடு மாவட்டம்; இப்போது திருப்பத்தூர் மாவட்டம். 1960-களின் கடைசியில், கொடைக்கானல் பட்டறையிலேயே செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. இறக்குமதிக்குக் காத்திருக்காமல் கையில் இருப்பதைக் கொண்டு தொடங்கிய அந்த முடிவுக்காகவே பாப்புவைக் கும்பிடத் தோன்றுகிறது.

1972-ல் ஜெர்மனியின் யேனா நகரத்து கார்ல் சைஸ் நிறுவனம் செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கி காவலூருக்கு வந்து சேர்ந்தது. அது வந்த சூட்டிலேயே, 1972 ஜூன் 7 அன்று, வியாழனின் பெரிய நிலவான கானிமீடு ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே போனது. இந்தோனேசியாவின் லெம்பாங் ஆய்வகத்திலும் காவலூரிலும் அதைக் கவனித்தார்கள். நட்சத்திர ஒளி மங்கிய விதத்தை வைத்து, கானிமீடைச் சுற்றி மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்று எழுதினார்கள். அவர்கள் கணித்த அளவுக்கு அங்கே காற்று இல்லை என்பது வாயேஜர் விண்கலம் போனபின் தெரிந்தது. ஆனால் அதைவிட மிக மெல்லிய ஆக்ஸிஜன் போர்வை இருப்பதை 1990-களில் ஹபிள் விண்தொலைநோக்கி காட்டியது. இதில் நமக்கு முக்கியமானது காவலூர் பெற்ற பயிற்சி. ஒரு வான்பொருள் நட்சத்திரத்தை மறைக்கும் சில நொடிகளை நம்பகமாக அளக்க அந்தக் குழு கற்றுக்கொண்டது.

மறைப்பு என்பது நமக்குப் புதிதன்று. நிலவு ரோகிணி நட்சத்திரத்தின் மேல் ஏறி மறைப்பதை வெறுங்கண்ணால் பார்த்தவர்கள் உண்டு. தூரத்துக் கோள்களும் அவ்வாறே ஏதாவது ஒரு நட்சத்திரத்தின் முன்னால் அபூர்வமாகக் கடந்து போகும். அப்போது அந்த நட்சத்திரத்தின் ஒளியை நொடிக்குப் பலமுறை அளந்துகொண்டே இருந்தால், தொலைநோக்கியில் நேரடியாகத் தெரியாதவையும் தம்மைக் காட்டிக்கொடுக்கும். இருட்டில் மின்கம்பி கண்ணுக்குத் தெரியாது. தூரத்து விளக்கு ஒன்றின் குறுக்கே அது வரும்போது விளக்கு ஒரு கணம் மங்குவதை வைத்து அங்கே கம்பி இருக்கிறது என்று அறிகிறோம். வானியலார் செய்வதும் இதுதான். மங்கிய நேரத்தை, பொருள் நகரும் வேகத்தால் பெருக்கினால் அதன் அகலம் கிடைத்துவிடும்.

யுரேனஸ் சூரியனிலிருந்து சுமார் 287 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 1781 மார்ச் 13-ல் வில்லியம் ஹெர்ஷல் அதைக் கண்டார். 1787-ல் அவரே டைட்டேனியா, ஓபரான் என்ற இரு நிலவுகளையும் கண்டுபிடித்தார். 1851-ல் லாசல் ஏரியல், அம்ப்ரியல் இரண்டையும் சேர்த்தார். 1948-ல் கைப்பர் மிராண்டாவைச் சேர்த்தார். ஆக, 1977-ல் கையிருப்பு ஐந்து நிலவுகள். கோளின் சரியான விட்டம்கூட அப்போது உறுதியாகத் தெரியாது. எனவே கிரீனிச் ஆய்வகத்தின் கார்டன் டெய்லர், 1977 மார்ச் 10-ல் யுரேனஸ் துலா ராசியில் உள்ள எஸ்ஏஓ 158687 என்ற மங்கலான நட்சத்திரத்தை மறைக்கும் என்று 1973-லேயே கணித்துச் சொன்னபோது வானியலார் காத்திருக்கத் தொடங்கினார்கள். எதிர்பார்த்தது கோளின் விட்டத்தையும் அதன் மேல்வளியின் வெப்பத்தையும்தான். வளையம் யார் கனவிலும் இல்லை.

நாள் நெருங்க நெருங்கக் கணக்கு சற்று நகர்ந்தது. யுரேனஸின் நிழல் பூமியின் தெற்குப் பக்கத்தில்தான் விழும், இன்னும் கொஞ்சம் விலகினால் பூமியையே தொடாமல் போய்விடும் என்று தெரிந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்து ஜேம்ஸ் எலியட், எட்வர்ட் டன்ஹம், டக்ளஸ் மிங்க் ஆகியோர், 91 சென்டிமீட்டர் தொலைநோக்கி பொருத்திய நாசாவின் கைப்பர் ஆய்வக விமானத்தில் ஏறி ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து தென் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்தார்கள். நிழல் எங்கே போனாலும் துரத்திப் பிடிக்கலாம் என்பது விமானத்தின் வசதி.

மலைமேல் ஊன்றிய தொலைநோக்கிக்கு அந்த வசதி இல்லை. காவலூர் வடக்கே வெகு தூரத்தில் இருந்தது. கோள் நட்சத்திரத்தை மறைப்பது அங்கே தெரிய வாய்ப்பில்லாமல் போய்விட்டது. இருந்தும் காவலூர் வானியலார் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் ஒரு மீட்டர் தொலைநோக்கியை யுரேனஸை நோக்கித் திருப்பினார்கள். இக்கதையில் என்னை மிகவும் தொட்ட இடம் இது. கிடைக்காது என்று சொல்லி மூடிவிட்டுப் படுக்கப் போயிருக்கலாம். அவர்கள் அளந்தார்கள்.

நம் நேரப்படி நள்ளிரவு தாண்டிவிட்டது. அந்தக் காலத்து ஒளிமானி வேலை இப்போதுபோல் கணினி முன் உட்கார்ந்து செய்வதன்று. கருவியின் சிறு துளைக்குள் நட்சத்திரம் விலகாமல் நிற்கும்படி தொலைநோக்கியை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மெல்லிய மேகம் ஒன்று குறுக்கே வந்தாலும் ஒளி மங்கும். தொலைநோக்கி ஒரு நூல் பிசகினாலும் மங்கும். இதில் இன்னொரு சங்கடம்: நட்சத்திரத்தைவிட யுரேனஸ் பல மடங்கு பிரகாசமானது. இரண்டின் ஒளியும் கலந்தே கருவிக்குள் வரும். நட்சத்திரம் முழுதாக மறைந்தாலும் மொத்த ஒளியில் குறைவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தைக் காற்றின் நடுக்கத்திலிருந்து பிரித்தறிய வேண்டும்.

அந்தப் பதிவில் ஒளி சில நொடிகள் தெளிவாக இறங்கி மீண்டும் ஏறியது. யுரேனஸின் விளிம்புக்கு வெகு தொலைவில், ஒன்றுமே இருக்கக்கூடாத வெற்று வானத்தில், ஏதோ ஒன்று நட்சத்திரத்தை மறைத்திருந்தது.

அதே நேரத்தில் விமானத்திலும் அதுவே நடந்தது. கணிப்பில் பிழை இருக்கலாம் என்று எலியட் குழு குறித்த நேரத்துக்கு அரை மணிக்கும் மேலாக முன்பே பதிவைத் தொடங்கியிருந்தது. இந்த முன்யோசனை இல்லையென்றால் பாதிக் கதை போயிருக்கும். பதிவில் நட்சத்திரம் ஒருமுறை மங்கியது. பிறகு இன்னொருமுறை. கோளுக்கு முன்னால் மொத்தம் ஐந்து முறை. சிறு நிலவுகளின் கூட்டம் ஒன்று யுரேனஸைச் சுற்றுகிறதோ என்றுதான் அவர்களும் முதலில் நினைத்தார்கள். பெர்த்தில் ராபர்ட் மில்லிஸ் குழுவும் மங்கல்களைப் பார்த்தது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலும் பதிவானது.

எலியட் ஊர் திரும்பிப் பதிவுச் சுருளைப் பிரித்துவைத்து, கோள் நட்சத்திரத்தை மறைக்கும் முன் வந்த மங்கல்களையும், மறைத்து விலகியபின் வந்தவற்றையும் ஒப்பிட்டார். இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் ஒரே வரிசையில் இருந்தன. தனித்தனி நிலவுகள் இப்படிக் கோளின் இருபுறமும் அளந்துவைத்தாற்போல் நிற்காது. நட்சத்திரம் ஒரு பக்கம் வளையத்தைக் கடந்து உள்ளே போய் மறுபக்கம் வெளியே வந்திருக்கிறது. அவ்வளவுதான். யுரேனஸுக்கு வளையம் உண்டு.

காவலூரிடம் இருந்தது ஒரு தெளிவான சரிவு. அதை வைத்துப் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் என்ன சொல்ல முடியும்? மங்கிய நேரத்தைக் கொண்டு, மறைத்த பொருளின் அகலம் குறைந்தது இவ்வளவு என்று சொல்லலாம். அது உருண்டையா, நாடாவா என்று ஒற்றை வெட்டுக்கோடு சொல்லாது. வளையம் என்றால் அப்போது சனியின் அகன்ற வளையம்தான் மனதுக்கு வரும். பத்துக் கிலோமீட்டர் அகலத்தில், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளி விட்டு, கோடு கிழித்தாற்போல் வளையங்கள் இருக்கக்கூடும் என்று அதுவரை யாரும் நினைத்ததில்லை. துகள்கள் ஒன்றோடொன்று மோதிப் பரவிப்போகும் என்பதே எதிர்பார்ப்பு. எனவே மிகக் குறைந்த ஊகத்தோடு சொல்லக்கூடிய விடையை அவர்கள் சொன்னார்கள்: புதிய நிலவு.

1977 மே மாதத்து ‘நேச்சர்’ இதழைப் புரட்டினால் இந்தக் கதை அடுத்தடுத்த பக்கங்களில் கிடைக்கும். எலியட் குழுவின் கட்டுரை யுரேனஸின் வளையங்களைப் பற்றிப் பேசுகிறது. அடுத்து மில்லிஸ் குழு. அதை ஒட்டியே பட்டாச்சார்யா, குப்புசாமி இருவரும் எழுதிய கட்டுரை, யுரேனஸின் புதிய நிலவு என்ற தலைப்போடு. ஒரே இரவு, ஒரே நட்சத்திரம், ஒரே பொருள்.

இதைக் காவலூரின் தவறு என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நான்கு ஆண்டு கழித்து நடந்ததைப் பாருங்கள். 1981 மே 24-ல் அரிசோனாவைச் சேர்ந்த வானியலார் நெப்டியூனின் அருகே ஒரு நட்சத்திரத்தைக் கவனித்தபோது, அதே மாதிரி சில நொடி மங்கல் ஒன்றைப் பதிவு செய்தார்கள். ஒரே சரிவு. அவர்களும் நிலவு என்றுதான் அறிவித்தார்கள். 1989-ல் வாயேஜர் 2 நெப்டியூனை நெருங்கியபோது அது நிலவுதான் என்று தெரிந்தது. லரிசா என்று பெயரிட்டார்கள். காவலூர் செய்ததும் அரிசோனாவினர் செய்ததும் ஒரே அளவீடு, ஒரே தர்க்கம். ஓரிடத்தில் நிலவு இருந்தது, மற்றோரிடத்தில் வளையம் இருந்தது. அளந்தவர்களின் திறமையில் வித்தியாசம் இல்லை.

காவலூர் தன் முதல் முடிவோடு நின்றுவிடவும் இல்லை. எலியட்டின் செய்தி வந்தபின் அதே பதிவை மறுபடி எடுத்து, இரைச்சலுக்குள் வேறென்ன புதைந்திருக்கிறது என்று தோண்டினார்கள். ஒரு நொடி அளவே நீடித்த மெல்லிய வளையங்களின் மங்கல்கள் முதல் பார்வையில் கண்ணில் படாதவை. அந்த ஆண்டு முடிவதற்குள் பட்டாச்சார்யாவும் பாப்புவும் சேர்ந்து, சனிக்கு இருப்பதுபோன்ற வளைய அமைப்பு யுரேனஸுக்கும் இருக்கிறது என்று அதே ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். மார்ச்சில் எடுத்த பதிவு, மேயில் நிலவு, ஆண்டு முடிவுக்குள் வளையம். தரவு சொன்னபடி தங்கள் வாசகத்தை அவர்களே மாற்றிக்கொண்டார்கள்.

வளையங்களின் பெயர்களில் அந்த இரவின் தடம் இன்றும் இருக்கிறது. எலியட் குழு கிரேக்க எழுத்துகளை இட்டது. பெர்த் குழு எண்களை இட்டது. 1978 ஏப்ரலில் இன்னொரு மறைப்பில் ஒன்பது வளையங்கள் உறுதியானபோது இரண்டு வரிசையையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் உள்ளிருந்து வெளியே 6, 5, 4, ஆல்ஃபா, பீட்டா, ஈட்டா, காமா, டெல்டா, எப்சிலான் என்று குழப்பமான வரிசை. இவற்றில் எப்சிலான் மிக அகலமானது. இடத்துக்கு இடம் 20 முதல் 96 கிலோமீட்டர் வரை விரிந்து சுருங்கும். காவலூரில் தெளிவாகப் பதிவானது அந்த எப்சிலான் வளையம்தான். இந்த வளையத் துகள்கள் மிகக் கறுப்பானவை, விழும் ஒளியில் நூற்றில் சில பங்கைத்தான் திருப்பி அனுப்பும். ஹெர்ஷல் முதல் கைப்பர் வரை எவர் கண்ணிலும் தெளிவாகச் சிக்காததற்கு இதுதான் காரணம்.

இவ்வளவு ஒடுங்கிய வளையம் சிதறாமல் எப்படி நிற்கிறது என்று அடுத்த கேள்வி எழுந்தது. பீட்டர் கோல்ட்ரைக்கும் ஸ்காட் ட்ரெமெய்னும் 1979-ல் ஒரு விடை தந்தார்கள்: வளையத்தின் இருபுறமும் சிறு நிலவுகள் ஓடினால், அவற்றின் ஈர்ப்பு துகள்களை உள்ளேயே அணைத்துவைக்கும். 1986 ஜனவரி 24-ல் வாயேஜர் 2 யுரேனஸைக் கடந்து சென்றது. அது அனுப்பிய படங்களில் பத்துப் புது நிலவுகள் தெரிந்தன. அவற்றுள் கார்டீலியா, ஒஃபீலியா என்ற இரண்டு, எப்சிலான் வளையத்துக்கு உட்புறம் ஒன்று, வெளிப்புறம் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் சுமார் 40 கிலோமீட்டர் குறுக்களவு. காவலூர் அறிவித்த நிலவு இவற்றில் எதுவும் அன்று. ஆனால் காவலூர் கண்ட வளையத்தை அங்கே நிறுத்திவைத்திருப்பவை நிலவுகள்தான் என்பது அன்று தெரிந்தது.

அதே 1986 ஜனவரி 6-ல், வாயேஜர் யுரேனஸை எட்டுவதற்குப் பதினெட்டு நாள் முன்பு, காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பிரதமர் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டியது அது. ஆய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் வைணு பாப்பு பெயர் வைக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1982 ஆகஸ்டில் ம்யூனிக்கில் காலமாகிவிட்டார். அவருக்குப் பிறகு காவலூரை இயக்கும் நிறுவனத்தை நடத்தியவர் பட்டாச்சார்யா. சூரியனைச் சுற்றும் சிறுகோள்களில் 2596-க்கு வைணு பாப்பு என்றும், 8348-க்குப் பட்டாச்சார்யா என்றும் பெயர். 1988-ல் காவலூரிலிருந்தே ஆர். ராஜமோகன் கண்டுபிடித்த 4130-க்கு ராமானுஜன் என்று பெயர்.

இன்று புது நிலவு தேடும் முறை மாறிவிட்டது. ஒரே வானப் பகுதியை மணிக்கணக்கில் படமெடுத்து, கோள் நகரும் வேகத்துக்கு ஏற்பப் படங்களை நகர்த்தி அடுக்கினால், மங்கிய நிலவுகள் புள்ளியாக எழும்பி வரும். சனியின் 128 நிலவுகளும் இப்படி வந்தவை. ஆனால் வளையத்துக்கு இன்றும் மறைப்பு முறைதான் துணை. சாரிக்லோ, ஹௌமியா, குவாவார் என்ற சிறிய உலகங்களுக்குக்கூட வளையம் உண்டு என்று 2013 முதல் கண்டது, 1977-ல் காவலூரில் கையாண்ட அதே முறையால்தான். அந்த வேலையில் பெரிய ஆய்வகங்களோடு சிறு தொலைநோக்கி வைத்திருக்கும் ஆர்வலர்களும் பங்கெடுக்கிறார்கள். அறுபது ஆண்டுக்கு முன் பாப்பு தேடிப்போன இருட்டு மட்டும் குறைந்துகொண்டே வருகிறது. வாணியம்பாடி, திருப்பத்தூர் ஊர்களின் வெளிச்சம் மலைக்குக் கீழே ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. காவலூரைச் சுற்றியுள்ள ஊர்களில் தெருவிளக்குகளின் ஒளி வானத்துக்கு ஏறாமல் கீழ்நோக்கி விழும்படி மூடி போடுவது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அன்று. அதை ஊராட்சிகள் இப்போதே செய்ய வேண்டும்.

விழுப்புரம், திண்டிவனம் பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். செஞ்சி, திருவண்ணாமலை, போளூர், ஜமுனாமரத்தூர் வழியாகப் போனால் காவலூர் ஒரு நாள் பயணத்துக்குள் அடங்கும். முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு பிள்ளைகளை அழைத்துப் போங்கள். அந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். யுரேனஸ் பாடம் நடத்தும்போது எலியட்டின் பெயருக்குப் பக்கத்தில் பட்டாச்சார்யா, குப்புசாமி என்ற இரண்டு பெயர்களையும் கரும்பலகையில் எழுதுங்கள்.